விட்டுப்போன கட்டம்

நானூறு பிரதிகளும் ஓடி, மை காய்ந்து, கட்டுக் கட்டிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது: தாம்பரம் வட்டாரத்தில் யாருக்குமே ரொம்பக் கஷ்டம் இருக்க வழியில்லாமல் நான் செய்துவிட்டேன்.

கண்டுபிடித்தது நானில்லை. பதினெட்டு வருடம் டைப் அடித்ததில் என் பிழையை நானே கண்டுபிடித்ததாகச் சரித்திரம் கிடையாது. கண்டுபிடித்தவர் அமலராணி மேடம். ஒரு கல்லூரியில் மனோதத்துவம் சொல்லித் தருகிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலையும் மாலையும் வகுப்பு. நடுவில் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் மிஷினில் பிரதி எடுத்துக் கொடுக்கிற வேலை. மேடம் தம் ஆராய்ச்சிக்காக ஒரு கேள்வித்தாள் கொண்டு வந்திருந்தார். பதினான்கு கேள்விகள். "கடந்த ஒரு மாதத்தில், எதிர்பாராத ஒன்று நடந்ததால் எத்தனை முறை கலங்கிப் போனீர்கள்?" என்பது முதலாவது. எல்லாம் அந்த ஜாதிதான். பதிலுக்கு எதிரே ஐந்து கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, மிக அடிக்கடி.

"லோகநாதன் சார், முதல் கட்டத்தைப் படிங்க," என்றார் மேடம்.

"ஒருபோதும் இல்லை."

"கடைசிக் கட்டத்தைப் படிங்க."

படித்தேன். அதுவும் ஒருபோதும் இல்லைதான். 'மிக அடிக்கடி' என்பதையே காணோம்.

"ஆதியிலும் இல்லை, அந்தத்திலும் இல்லை. வேதாந்தம் மாதிரி வந்திருக்கு மேடம்," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. நான் வேடிக்கையாகப் பேசினால் தாம்பரத்தில் சிரிக்காதவர்கள் குறைவு.

"ஒரு கிளினிக்ல உக்காந்து அறுபத்தி மூணு பேர்கிட்ட வாங்கிட்டேன் சார். நிறைய பேர் கடைசிக் கட்டத்துல டிக் பண்ணியிருக்காங்க. எழுத்தைப் படிக்காம, கடைசின்னா ரொம்ப அதிகம்னு நெனச்சுப் பண்ணாங்களா, இல்ல படிச்சுட்டுதான் பண்ணாங்களா? இப்ப எனக்கு எப்படித் தெரியும்? ரொம்பக் கஷ்டப்படறேன்னு சொல்றதுக்கு இந்தத் தாள்ல இடமே இல்ல."

புது ஸ்டென்சில் வெட்டித் தருகிறேன் என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்ததால், நூறு பேரிடம் நானே போய் எழுதி வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். தப்புச் செய்தவன் வாய் எப்போதுமே கொஞ்சம் அகலம்.

மேடம் யோசித்தார். "நீங்க பேசினா ஜனங்க பேசுவாங்க. ஆனா ரெண்டு கண்டிஷன். கேள்வியை எழுதியிருக்கற மாதிரியே படிக்கணும். படிச்சதும் வாயை மூடிக்கணும். ஜோக் கூடாது. அவங்க பதில் சொல்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். தாங்க முடியலேன்னா மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க."

"எத்தனை வரைக்கும்?"

"பதில் வர வரைக்கும்."

"இதனால என்ன மேடம் தெரியும்?"

"உடம்புல நோய்னு வராங்க. டெஸ்ட் எல்லாம் சரியா இருக்கு. ஆனா வலி நிஜம். ஒருத்தருக்கு எவ்வளவு கஷ்டம் வந்துச்சுங்கறது இல்ல சார், அதை அவங்க எவ்வளவு பாரமா நெனச்சுச் சுமக்கறாங்கங்கறதுக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறேன்."

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிற ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள்.

என் மனைவி தையல்நாயகி. நாங்கள் சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஒன்றரை வருடமாக அவள் தொண்டையில் ஓர் உருண்டை. முதலில் கடுகளவு என்றாள். பிறகு பட்டாணி. எண்பத்தெட்டு ஜூலையில், நான் இந்தக் கூத்தை அடித்த சமயம், அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது. சோறு இறங்காது. ரசத்தில் கரைத்த சோறு, கஞ்சி, அதுவும் நாலு வாய். ஐம்பத்தோரு கிலோ இருந்தவள் முப்பத்தேழுக்கு வந்துவிட்டாள். ரவிக்கைகளை மூன்று தரம் பிடித்துத் தைத்துவிட்டாள். நான்காவது தரம் பிடிக்கத் துணியில் இடமில்லை.

பார்க்காத டாக்டர் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் அந்த வெள்ளை, தண்டவாளத்தில் ரயில் போவதுபோல் தடையில்லாமல் இறங்கியிருந்தது. "ஒண்ணுமே இல்லம்மா," என்றார்கள். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்கள். அவள் முகம்தான் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் வாடும்.

கடைசியாகப் பார்த்த டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்து, "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார்.

நாயகி வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "பிரச்சினை இதோ பக்கத்துலயே உக்காந்திருக்கு சார். கல்யாணமாகி ஏழு வருஷமாச்சு, இன்னும் முழுங்க முடியல," என்றேன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நர்ஸும் சிரித்தார். நாயகியும் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது திறந்த வாயைக் கையால் மூடிக்கொள்வாள்; அப்படி மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் டாக்டர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தி, "அடுத்த மாசமும் எடை இறங்குச்சுன்னா அட்மிட் பண்ணிடணும். மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகாரம் குடுக்கணும். விளையாட்டு இல்ல, பாத்துக்கோங்க," என்றார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். "என்னடி, ஏதாவது சொல்லேன்," என்றேன். "ஒண்ணுமில்லைங்க," என்றாள். அந்த வீட்டில் அதிகமாகப் புழங்கிய வார்த்தை அது.

நூறு தாள்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். இடது தோளில் மாட்டினால் வலிக்கும் என்பதால் வலது தோளில். இடது தோள்வலி இரண்டு வருடக் கதை. டைப்ரைட்டரில் வரி முடிந்ததும் இடது கையால்தானே உருளை வண்டியைத் தள்ள வேண்டும். அதனால் வந்தது என்று நானே கண்டுபிடித்து, நானே தைலம் தடவிக்கொண்டிருந்தேன்.

ஊரப்பாக்கத்தில் முனிரத்தினத்தை எனக்குத் தெரியும். அவர் மகள் என்னிடம் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். நாலு வருடம் முன்பு வரை ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் நெல் போட்டவர். இப்போது அந்த நிலம் மனைமனையாகி, வாசலில் சிமெண்டு மூட்டை அடுக்கிக் கடை வைத்திருந்தார். முதல் கேள்வியைப் படித்தேன்.

"கலக்கமா? எனக்கா? இன்னா சார் நீ. ராஜா மாரி கீறேன். ஒருபோதும் இல்லன்னு போட்டுக்க."

இரண்டாவதும் ஒருபோதும் இல்லை. பதினான்கும் ஒருபோதும் இல்லை. கடைசியில், உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று ஒரு வரி இருந்தது.

"வயிறு எரியும். அது கேஸு. அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் கிடையாது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவர் பேசவில்லை. எனக்கு நாக்கு அரித்தது. கேஸைப் பற்றி என்னிடம் நல்ல ஜோக் மூன்று இருக்கிறது. எண்ண ஆரம்பித்தேன். பதினேழு எண்ணும்போது அவர், சிமெண்டு மூட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கேணிய மூடிட்டானுங்க சார். நான் வித்தது நெலத்த. கேணியையும் சேத்து மூடுவானுங்கன்னு யாரு கண்டா. லாரி வந்து மண்ண கொட்டிகினே கீது, நான் பாத்துகினு நிக்கறேன். தண்ணி மேல மண்ணு விழற சத்தம் கேட்டுக்கிறியா நீ? அன்னிக்கு ராத்திரி புட்சிக்கிச்சு எரிச்சல். டாக்டரு காரத்த குறைன்றான்." பிறகு அவசரமாக, "அதெல்லாம் எழுதாத. ஒருபோதும் இல்லன்னே கீட்டும். இத்தப் போயி எழுதினா பேஜாரு," என்றார்.

நான் எழுதவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாயகி கேட்டதற்குக் கேஸ் என்றேன்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் அருள்மேரி என்று ஒரு பெண். எக்ஸ்போர்ட் துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் மிஷின் ஓட்டுகிறாள். வலது கை மரத்துப்போகும். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் மரக்கும், வாசலைத் தாண்டினால் சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கேள்வியைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னா சார், ஒண்ணும் பேசாம குந்திகினுகீற? ஏதாச்சும் சொல்லு. பயமாகீது," என்றாள்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தி நாலு.

"அந்த மிஷின் எங்க அக்காவுது சார்," என்றாள். "அவ செத்துப்பூட்டதும் அவ சீட்டுல என்னைக் குந்த வெச்சாங்க. வேல குடுத்தாங்களேன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. நானுந்தான்." அழவில்லை. மரத்துப்போகிற கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "அடிக்கடின்னு போடு சார். இல்ல, அதுக்கு அடுத்தது இன்னா?"

'மிக அடிக்கடி' என்று எழுதினேன். நல்லவேளை, கட்டம் இருந்தது.

ஒரு வாரத்தில் எண்பது சொச்சம் தாள் சேர்ந்துவிட்டது. யாருக்கும் மனக்கஷ்டம் கிடையாது. எல்லோருக்கும் எங்கேயோ வலித்தது. தாள்களை வாங்கிக்கொண்ட அமலராணி மேடம் போகிற போக்கில், "நீங்க உங்களுக்கு ஒண்ணு ஃபில் பண்ணிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன மேடம், ராஜா மாதிரி இருக்கேன். தோள் மட்டும் வலிக்குது. அது மிஷினால."

மேடம் என்னையே பார்த்தார். எண்ணுகிறார் என்று புரிந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

தப்பிக்கிற கலையை நான் எங்கே கற்றேன் என்பதை இனியும் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

எண்பத்தாறு ஜூலையில் நாயகிக்கு ஒன்பதாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "என்னங்க, நேத்துலேர்ந்து அசையவே இல்ல," என்றாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "என் பிள்ளைதானே. ஞாயித்துக்கிழமை லீவு எடுத்திருக்கும்," என்றேன். அவள் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மறுநாள், இருபத்தொன்றாம் தேதி காலை, நர்சிங் ஹோமுக்குப் போனோம். மாலையில், உயிரில்லாமல் பிறந்தது. பெண். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, முந்தின நாள் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த அம்மா நல்லவர். நல்லவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் மாமியார் கங்கையம்மாள் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அவ கண்ணுல காட்டாதீங்க மாப்ள. மூஞ்சியப் பாத்துட்டா சாகற வரைக்கும் மறக்க மாட்டா. பாக்கலேன்னா இன்னொண்ணு வந்ததும் மறந்துடுவா. இவளுக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சு, எனக்குக் காட்டல. நான் நல்லாத்தானே இருக்கேன்." எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெற்றவளுக்குக் காட்டுவதில்லை. பொழுது சாய்வதற்குள் ஆண்கள் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மச்சான் ஜெயவேலு ஸ்கூட்டர் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து, புதுத் துண்டில் சுற்றியதை இடது கையில் அணைத்துக்கொண்டேன். வலது கையால் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏரிக்கரைக் காற்றில் துண்டு விலகியது. அப்போது முகத்தைப் பார்த்தேன். மூடத் தோன்றவில்லை. இடுகாடு வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன். உலகத்தில் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

திரும்பி வந்து, குளித்துவிட்டு, நர்சிங் ஹோம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று பயம். "லோகநாதா, இவளை அழவிடாதே. உன்னால் முடிந்தது சிரிக்க வைப்பதுதான், அதைச் செய்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த வேலை. இரண்டு வருடமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை.

மேடத்தின் ஸ்டென்சிலை நான் வெட்டியது ஜூலை இருபத்தொன்றாம் தேதி. கேலண்டரில் தாளைக் கிழிக்கும்போது தேதியைப் பார்த்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். கட்டங்களின் தலைப்பை அப்போதுதான் அடித்தேன்.

மேடம் திருப்பித் தந்த பிழையான பிரதிகளை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டிருந்தேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, எதற்காவது ஆகும். நாயகி சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். பருப்பு டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் அடியில் "எத்தனை முறை, எத்தனை முறை" என்று வரிசையாக எழுத்துத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மீதித் தாள்களோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் எடை பார்க்கப் போக வேண்டும். அந்த நினைப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் பாயாக விரிந்து கிடந்தது. யாரும் மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

"என்கிட்ட கேக்க மாட்டீங்களா?" என்றாள் நாயகி. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு தாள். புளிக்கறை வட்டமாகப் பதிந்திருந்தது.

"உன்கிட்ட கேட்டா ரிசர்ச்சே கெட்டுடும். வீட்டுக்காரம்மா பேர்ல பாரபட்சம்னு..."

"ஊர்ல அத்தினி பேர்கிட்டயும் கேட்டீங்க. முனிரத்தினம் சார் சம்சாரம் மார்க்கெட்ல பாத்துச் சொல்லுது. உங்க வூட்டுக்காரரு ஒண்ணுமே பேசாம அவ்ளோ நேரம் குந்தியிருந்தாராம், எங்க ஆளு கேணியப் பத்திச் சொல்லிட்டு அன்னிக்கு நல்லா சாப்ட்டாருன்னுது." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லைங்க."

பையைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். அவளும் எதிரே தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கழுத்தெலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. நல்ல தாள் எடுக்கப் போனேன். "இதுலயே எழுதுங்க," என்று புளிக்கறைத் தாளை நீட்டினாள்.

"கடந்த ஒரு மாதத்தில்," என்று படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "எதிர்பாராத ஒன்று நடந்ததால் எத்தனை முறை கலங்கிப் போனீர்கள்?"

"இதுல நான் சொல்ல வேண்டியது இல்லையே," என்றாள். "தினமும் படிக்கறேன். டப்பாவை எடுக்கறப்பல்லாம். இந்தப் பக்கமும் இல்லைன்னு இருக்கு, அந்தப் பக்கமும் இல்லைன்னு இருக்கு."

பேனாவை எடுத்து, ஐந்தாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போட்டேன். கோணலாக வந்தது. அதன் தலையில் 'மிக அடிக்கடி' என்று கையால் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுலதான்," என்றாள்.

இரண்டாவது கேள்விக்கும் அதுதான். மூன்றாவதுக்கும் அதுதான். ஏழாவது கேள்வி, உங்கள் சொந்தப் பிரச்சினைகளை உங்களால் சமாளிக்க முடியும் என்று எத்தனை முறை நம்பிக்கையாக உணர்ந்தீர்கள் என்பது. அதற்கு மட்டும் முதல் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். பதினான்கையும் முடித்தேன். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசி வரிக்கு வந்தேன். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்ற வரி. அதைப் படிக்கவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தேன். இந்த இடத்தில் மேடத்தின் கண்டிஷனை மீறினேன். தாளில் இல்லாததைக் கேட்டேன்.

"நாயகி, தொண்டையில என்ன?"

"ஒண்ணுமில்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

எண்ணினேன். பக்கத்துப் போர்ஷனில் யாரோ குழாயடியில் குடம் வைத்தார்கள். குடம் நிறைகிற வரைக்கும் எண்ணினேன். சொல்லப் போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக நான் தள்ளித் தள்ளிப் போட்டது அதைத்தான். அவளாகச் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடலாம் என்று வாய் திறந்துவிட்டது.

"அன்னிக்கு அசையலன்னு சொன்னே. நான் லீவுன்னு ஜோக் அடிச்சேன். அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா..."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள்.

"அது இல்லைங்க. அதுக்கு நானும்தான் சிரிச்சேன்."

பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்க்காமல், சுவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அவ யாரு மாதிரி இருந்தான்னு உங்கள மூணு தடவ கேட்டேன். ஆஸ்பத்திரியில ஒரு தடவ. 'என் மூக்கு இல்ல, தப்பிச்சுட்டா'ன்னீங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு தடவ. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இல்ல, ஆனா நான் சிரிச்சது ஞாபகம் இருக்கு. அந்தப் பொங்கலுக்கு ஒரு தடவ கேட்டேன். அதுக்கும் சிரிக்க வெச்சீங்க. அதுக்கப்புறம் கேக்க வரல. அன்னிலேர்ந்துதான் இது இருக்கு." தொண்டையில் கை வைத்துக் காட்டினாள். "நீங்க மட்டும் பாத்தீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நீங்க நல்லவரு, எனக்குத் தெரியும், நான் அழக்கூடாதுன்னுதான் பண்றீங்க. ஆனா எனக்கு அழணும். தனியா உக்காந்து பாத்துட்டேன், வர மாட்டேங்குது. உங்களாலதாங்க. நீங்க இந்த வீட்டுல யாரையும் அழவே விடல."